குழாய்ப் பாதையில் ஒரு பந்தக்கால்

"இன்னிக்காச்சும் தேதி தெரிஞ்சிச்சாம்மா?"

காடியிலிருந்து முழுசாக இறங்குவதற்குள்ளேயே கேட்டார் திருநாவுக்கரசு. போர்டிக்சன் கடலோரத்திலிருந்து எண்ணெய் கொண்டுபோகும் குழாயைப் பதிக்கிற வேலைக்கு மேற்பார்வையாளர் அவர். புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்தில் பள்ளம் வெட்ட வந்த மனிதர், தினமும் யாரோ ஒரு பெண்ணின் கல்யாணத் தேதியை விசாரித்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் இல்லீங்க சார். மாப்பிள்ளைக்கு லீவு கெடைக்கலையே," என்றாள் செல்லம்மா, பூத்தொடுப்பதை நிறுத்தாமல்.

அவள் வீட்டு வாசலில், குழாய் போகும் வழியைக் காட்ட நிறுவனம் நட்டுவைத்த சிவப்புக் கொடிக்குப் பக்கத்திலேயே, மஞ்சள் துணி கட்டிய கல்யாண முருங்கைக் கம்பு நின்றது. அவள் மகள் ரோகினியின் கல்யாணப் பந்தக்கால். நட்டுவிட்டால் தாலி கட்டி முடியும்வரை பிடுங்கக் கூடாது; பிடுங்கினால் பெண்ணுக்கு ஆகாது. குழாய் நேராகப் போனால் பந்தக்காலோடு செல்லம்மாவின் வீடும், அந்த லயத்து வரிசையிலுள்ள மற்ற வீடுகளும் போய்விடும். பகாவ் பக்கம் மாற்றுவீடு தருவதாகச் சொன்ன பேச்சு, பேச்சோடு நின்றது.

லயத்துப் பெண்கள் கோஷம் போடவில்லை, கல்லைத் தொடவில்லை. காலையில் பாயோடு வந்து பந்தக்காலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வெங்காயம் உரித்தார்கள், கல்யாணப் பாட்டுப் பாடினார்கள், சம்பந்தி வீட்டைப் பற்றி வம்பளந்தார்கள். போலீஸ்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டு, கல்யாண வீட்டில் நமக்கென்ன வேலை என்று தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். இப்படியே நாள் ஓடி, நட்ட கம்பே துளிர்விட்டுவிட்டது.

திருநாவுக்கரசு மாட்டிக்கொண்டது தன்னுடைய மரியாதையால்தான். அவர் முதன்முதலாக வந்த அன்றுதான் கம்பை நட்டுக்கொண்டிருந்தார்கள். "நல்ல நேரத்துல வந்தீங்க சார். நீங்களும் கொஞ்சம் பால் ஊத்துங்க," என்று செல்லம்மா செம்பை நீட்டினாள். சுபகாரியத்தில் மாட்டேன் என்று சொல்ல வாய் வருமா? சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஊற்றிவிட்டார். தான் பால் ஊற்றிய காலைத் தானே பிடுங்கச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. அவர் வீட்டிலும் கல்யாண வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

"புனிதா! நீயாச்சும் எடுத்துச் சொல்லேன்பா," என்று மண்வாரி இயந்திரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

அதன் ஓட்டுநர் புனிதன் தலையை மட்டும் வெளியே நீட்டினான். "நான் என்னா பாஸ் சொல்றது? பந்தக்கால்ல கை வைக்க எனக்குத் தைரியம் இல்லலா. வேற டிரைவர் போட்டுக்குங்க."

வேறு ஓட்டுநரும் வந்து பார்த்தாயிற்று. அவர் மலாய்க்காரர். கல்யாண விருந்து நடக்கப்போகும் வீட்டில் தோண்டுவது பாவம் என்று சொல்லி அன்றைக்கே கம்பி நீட்டிவிட்டார். மறுபடியும் புனிதன்தான்.

பாலர் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்த ரோகினி, எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தாள். திருநாவுக்கரசுக்கு ஒரு பிஸ்கட், புனிதனுக்கு இரண்டு. வெயிலில் காய்கிற பிள்ளை, சாப்பிடட்டும் என்று அவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

"கல்யாணத்துக்குக்கூடவா லீவு தர மாட்டான் ஒரு மொதலாளி? உனக்கே கஷ்டமா இல்லையாம்மா?" என்று கேட்டார்.

"கஷ்டமாத்தான் சார் இருக்கு." ரோகினி தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஆனா லீவு கெடைச்சா மட்டும் என்னா? தாலி ஏறுன மறுநாளே இந்தக் காலப் புடுங்கிடுவீங்க. வீடும் போயிடும். அப்புறம் மறுவீட்டுக்கு நான் எங்க சார் வர்றது?"

திருநாவுக்கரசு தேத்தண்ணியைப் பாதியிலேயே வைத்துவிட்டார். கட்டிக்கொடுத்த பெண் புருஷனோடு திரும்பி வந்து நிற்க ஒரு வாசல் வேண்டாமா? தன் மகளை நினைத்துக்கொண்டார்.

அன்றைக்குப் போனை எடுத்தவர், மேலிடத்தோடு மல்லுக்கட்டினார். கெஞ்சினார், கத்தினார், செம்பனை மரங்களுக்குப் பின்னால் போகும் பழைய செம்மண் பாதையில் குழாயைத் திருப்பலாம் என்று வரைபடத்தோடு போய் நின்றார். கொஞ்சம் சுற்றுத்தான். ஆனால் அந்த வழியில் ஒரு வீடும் இல்லை. முதலில் முடியாது என்றவர்கள், அந்த வாரக் கடைசியில் சரி என்றார்கள்.

சேதியோடு வந்தவர், நேராகப் போய்ச் சிவப்புக் கொடியைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்தார்.

"பாதைய மாத்தியாச்சு! உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது!"

பெண்கள் போட்ட குலவையில் செம்பனையில் இருந்த பறவைகள் கிளம்பிப் பறந்தன. செல்லம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அப்படியே அழுதுவிட்டாள்.

"அழாதீங்கம்மா. மொதல்ல நம்ம புள்ள கல்யாணத்த முடிப்போம். மாப்பிள்ளையோட மொதலாளி யாரு? நம்பரக் குடுங்க, நானே பேசுறேன். இத்தன நாளா லீவு குடுக்காம இழுத்தடிக்கிறானே, அவன் நல்லா இருப்பானா?"

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மண்வாரியிலிருந்து மெதுவாக இறங்கி வந்த புனிதன், தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ரோகினியின் பக்கத்தில் போய் நின்றான்.

"பாஸ்... எனக்கு ஒரு வாரம் லீவு வேணும்."