மிக்ஸிக்கு ஒரு குளியல்

சிரிக்க வைக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். முதலில் மிக்ஸி நடுங்கி முடிக்கட்டும்.

ஆயுத பூஜை காலை. வருஷம் முழுக்கச் சட்னி வழிந்து காய்ந்த மிக்ஸியை வீட்டுக்காரம்மா பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தார். ஜன்னல் மைனா நான் சும்மா இருப்பேனா? வியாபாரி குரலில், "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்!" என்று கூவினேன்.

"குக்கரக்கா, என்னைக்கும் இல்லாத குளியல் இன்னைக்கு எதுக்கு? என்னை எடைக்குப் போடப் போறாங்க!" என்று மிக்ஸி அழுதது.

"என்னையும்தானேடி கழுவிக் கவிழ்த்திருக்காங்க," என்று குக்கரும் கலங்கியது.

அம்மா மிக்ஸியைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தார்.

"பொட்டு வேறயா? வழியனுப்புறாங்கக்கா!"

ஆசை அடங்காமல் குக்கர் மாதிரியே விசிலடித்தேன். மிக்ஸியின் அழுகை சட்டென்று நின்றது.

"அக்கா, நீ கவிழ்ந்துல்ல கிடக்கிறே? அப்போ விசிலடிச்சது... அடியே மைனா!"