கசியும் வாசல்

மழைத்தண்ணீர் புகாத வளை ஒன்றைத் தோண்டும் வழியை ஒரு வெள்ளெலி கண்டுபிடித்தது. போன மழையில் பல குடும்பங்கள் வளையோடு மூழ்கிப் போயிருந்தன. அதனால் யார் வேண்டுமானாலும் இதைப் பார்த்துத் தோண்டிக்கொள்ளட்டும் என்று அது நினைத்தது.

காட்டில் ஒரு பாறை இருந்தது. தொழில் தெரிந்த பிராணிகள் காலையில் அங்கே கூடி, தாங்கள் செய்ததைச் சொல்லும். வெள்ளெலியும் ஏறி நின்றது.

“என் வளையை அறிவிப்பதில் பெருமைப்படுகிறேன். எல்லாரும் பார்க்கலாம், மாற்றலாம்!”

பாறை அதிரக் கைதட்டினார்கள். ஆனால் பத்து நாளாகியும் வளைப்பக்கம் ஒருவரும் வரவில்லை.

வெள்ளெலிக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும் என்றிருந்தது. பக்கத்து மூஞ்சூறிடம் போய், “நீகூடக் கைதட்டினாயே, ஏன் வரவில்லை?” என்று கேட்டது.

“முடிஞ்சுபோன வேலைன்னு நெனச்சேன் அண்ணே. அங்கே வந்து நான் என்ன செய்யறது?” என்றது மூஞ்சூறு.

மறுநாள் வெள்ளெலி பாறையில் தயங்கித் தயங்கிப் பேசியது. “என் வளையில் கிழக்கு வாசலில் மட்டும் இன்னும் தண்ணீர் கசிகிறது. மூன்று முறை அடைத்துவிட்டேன். ஏன் கசிகிறது என்று எனக்குப் புரியவில்லை.”

யாரும் கைதட்டவில்லை. வெள்ளெலி கூசிப்போய் வீடு திரும்பியது.

சாயங்காலம் வாசலில் மண் சரியும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தது. முன்பின் தெரியாத நண்டு ஒன்று பாதி உடம்பைக் கசியும் ஓட்டைக்குள் நுழைத்திருந்தது.

“அடைக்காதீங்க, தண்ணி வெளியே போக வழி விடணும்,” என்றது நண்டு திரும்பாமலே. “அப்புறம், அந்த மூஞ்சூறைக் கொஞ்சம் தள்ளி நின்னு தோண்டச் சொல்லுங்க. மண்ணெல்லாம் என் கண்ணுல விழுது.”