பிறைக்கு வெளியே

"இன்னைக்கும் ஒண்ணும் இல்லையாக்கா?"

கருவிழி டாக்டர் கேட்டதும் லேப் அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. இருபது நாளில் இது நாலாவது முறை.

அவர் நோயாளியின் கண்ணைச் சுரண்டிக் கிருமி வளர்ப்புத் தட்டில் தேய்த்து அனுப்புகிறார். அவள் ஐந்து நாள் சூட்டில் வைத்துப் பார்த்துவிட்டுக் கிருமி இல்லை என்கிறாள். முளைக்காத கிருமியை அவள் என்ன, தண்ணீர் ஊற்றியா முளைக்க வைப்பாள்?

வெளியே பெஞ்சில் தையல்காரம்மா கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். இருக்கிற சொட்டு மருந்தையெல்லாம் விட்டுப் பார்த்தாயிற்று. வெண்புள்ளி மட்டும் பரவிக்கொண்டே போனது. இன்ன கிருமி என்று இன்றைக்குள் தெரியாவிட்டால், நாளைக் காலை கண்ணையே எடுத்துவிடுவார்கள். ஊசியில் நூல் கோர்க்கிற கண் அது.

அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் லேப் அக்கா காலையில் பின்வாசல் வழியாக வந்தாள். அதற்காக இல்லாததை இருக்கிறது என்று எழுத முடியுமா?

சுரண்டியதைக் கத்தியால் ஒரே இழுப்பில் சின்னப் பிறையாகத் தேய்ப்பார்கள். சீட்டு ஒட்டிய விளிம்பு தன் பக்கம் வரும்படி தட்டைப் பிடித்தால், பிறையின் முதுகு இடப்பக்கம், வாய் வலப்பக்கம். அந்தக் கோட்டின் மேல் வளர்ந்தால்தான் கண்ணிலிருந்து வந்த கிருமி. கோட்டுக்கு வெளியே வளர்ந்தால் காற்றில் வந்து விழுந்த தூசு.

கோடு லேசில் கண்ணுக்குத் தெரியாது. பத்தொன்பது வருஷமாக இதையே பார்க்கிறவளுக்கு அது எங்கே இருக்கும் என்று மனப்பாடம்; தேட வேண்டியதும் இல்லை.

கொத்தாக வளர்வதில் யாருக்கும் சந்தேகம் வராது. இன்றைய தட்டில் இருந்தது நாலே புள்ளி. சுண்ணாம்பு தெறித்ததுபோல உலர்ந்த வெள்ளை. நாலும் பிறையின் வாய்ப்பக்கம், கோட்டை விட்டு விலகி. முந்தைய மூன்று தட்டிலும் இதே கதைதான். கதவைச் சாத்தச் சொன்னால் இங்கே யார் கேட்கிறார்கள்? பதிவேட்டில் 'தூசு' என்று எழுதிவிட்டுத் தட்டைச் சிவப்புக் கூடையில் போட்டிருந்தாள்.

"என் மேல நம்பிக்கை இல்லன்னா வேற லேபுக்கு அனுப்புங்க டாக்டர். அதுக்கு முன்னாடி, பார்த்தேன்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

பதிவேட்டை அவர் முன்னால் தள்ளினாள். பேனாவையும் அதன் மேல் போட்டாள்.

டாக்டர் பேனாவை எடுத்தார். இடக்கையில்.

கையெழுத்து முடிகிற வரை லேப் அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தட்டுல கத்தியை இழுப்பீங்களே டாக்டர். அதே மாதிரி இந்த ஓரத்துல ஒண்ணு போடுங்க."

அவர் புரியாமல் ஒரு பிறை போட்டார். அதன் முதுகு வலப்பக்கம் இருந்தது.

முதல் மூன்று தட்டும் எரிந்து சாம்பலாகியிருக்கும். லேப் அக்கா கையுறை மாட்டக்கூடத் தோன்றாமல் கூடைக்குள் கையை விட்டு, இன்றைய தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கோட்டைத் தேடினாள். நாலு புள்ளியும் கோட்டின் மேல் வரிசையாக நின்றன.

"அந்தம்மாவைக் கூப்பிடுங்க. கிருமி கிடைச்சிடுச்சு, இன்ன கிருமின்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லிடறேன். நாளைக்கு ஒண்ணும் எடுக்க வேணாம்" என்றாள்.

டாக்டர் கதவுப் பக்கம் ஓடினார்.

"டாக்டர், நீங்க இங்க வந்து எத்தனை மாசம் ஆச்சு?"

"எட்டு மாசம். ஏன்க்கா?"

அவள் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டி, அவர் அனுப்பியதில் எத்தனை இடத்தில் 'தூசு' என்று எழுதியிருக்கிறோம் என்று எண்ண ஆரம்பித்தாள்.