பக்தியான சுவர்

கடலோரத்தில் ஒரு லுத்தரன் கோயிலைச் சிலுவை வடிவில் கட்டியிருந்தார்கள். அதன் வடக்குக் கையில் மேல்சாதியார் உட்கார ஒரு நீள பெஞ்சு, மேற்குக் கையில் மற்றவர்கள் உட்கார ஒரு பாய். நடுவில் நின்ற பிரசங்கபீடத்துக்கு இரண்டும் தெரியும். மூலைச்சுவர் மறைத்ததால் பெஞ்சுக்கும் பாய்க்கும் ஒன்றையொன்று தெரியாது.

"இந்தச் சுவரைக் கவனிச்சீங்களா?" என்று பெஞ்சு பிரசங்கபீடத்திடம் பெருமையடிக்கும். "என்மேல உட்கார்ந்தவங்க பாடுற ஞானப்பாட்டை அப்படியே திருப்பிப் பாடுது. சில ஞாயித்துக்கிழமை நமக்கு முன்னாடியே தொடங்கிடுது. அவ்வளவு பக்தி!"

பிரசங்கபீடம் "ம்" என்று மட்டும் சொல்லும். அதற்கு இரண்டு பக்கமும் நல்ல பெயர் வேண்டும்.

ஓர் ஐப்பசி மழையில் வடக்குக் கூரை ஒழுகியது. பெஞ்சைத் தூக்கிவந்து பாய்க்குப் பக்கத்தில் போட்டார்கள். பாயில் இருந்தவர்கள் பாடத் தொடங்கியதும் பெஞ்சு திடுக்கிட்டது. சுவர் பாடிய அதே குரல்கள்.

"அந்த எதிரொலி நீதானா?"

"நானா எதிரொலி?" என்றது பாய். "நாங்க பாடினதை அந்தப் பக்கம் ஏதோ ஒண்ணு இழுத்து இழுத்துத் திருப்பிப் பாடும். பாவம், அங்க சுவரெல்லாம் ஓதம் ஏறி ஊறிடுச்சுன்னுல்ல நினைச்சேன்!"