பின்னறையில் ஓடும் பழைய ஃப்ரிட்ஜ்

மதிய வெயில் சன்னல் கம்பியைப் பழுக்கக் காய்ச்சுகிறது. மின்விசிறி மட்டும் அசையாமல் தொங்குகிறது. நிறுத்தியவர் என் கணவர். வீட்டின் கார்பன் கணக்கைக் குறைத்தே தீருவேன் என்று கிளம்பியிருக்கிறார். லேப்டாப்பைத் தட்டுவதும், எழுந்து போய் ஏதாவது ஒரு ஸ்விட்சை அணைப்பதுமாக இருக்கிறார். என் போன் சார்ஜர் போயிற்று, மிக்ஸியும் போயிற்று. "ஏங்க, மூச்சு முட்டுதுங்க" என்கிறேன், முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி. "துருவத்துல பனிமலையே உருகிட்டு இருக்கு, உனக்குக் காத்து கேக்குதா?" என்கிறார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பின்னறையிலிருந்து உர்ரென்று சத்தம் வருகிறது. மின்சாரம் மிச்சமாகும் என்று போன மாதம் புது ஃப்ரிட்ஜ் வாங்கினாரே, அதற்கு முந்தைய பழசு. தூக்கிப்போட மனசு வராமல் அங்கே வைத்து ஓடவிட்டிருக்கிறார். "கணக்கு போன மாசத்தைவிட ஏறித்தானே காட்டுது! எங்கதான் தப்பு?" என்று தலையைச் சொறிகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பின்னறைக்குப் போய்ப் பழசின் கதவைத் திறக்கிறேன். ஒரு தண்ணீர் பாட்டில், வாடிப்போன அரை எலுமிச்சை. கதவைச் சாத்திவிட்டு ப்ளக்கில் கை வைக்கிறேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வருகிறார். "ஏய், பிடுங்கிடாத! மேல ஃப்ரீசர்ல ஐஸ் வச்சிருக்கேன், எல்லாம் உருகிடும்!"