பல்லி முந்திக்கொண்டது

ஓர் எலி பெருச்சாளியிடம் கடன் வாங்கிய ஒரு படி நெல்லைத் திருப்பித் தரவில்லை. ஆந்தை நீதிபதி மூன்று முறை கூப்பிட்டும் போகாமல் வளைக்குள் பதுங்கிக்கொண்டது. எலி இல்லாமலே அதற்கு எதிராகத் தீர்ப்பானது. அதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல, ஒரு பல்லி வளைச் சுவரில் வந்து ஒட்டிக்கொண்டது.

பயந்துபோன எலி நெல்லை வட்டியோடு கட்டியது. பல்லி நகரவில்லை.

ஆறு தாண்டி, தன்னை யாருக்கும் தெரியாத காட்டுக்கு ஓடியது எலி. "அக்கா, ஒரு பொந்து வாடகைக்குக் குடுங்க," என்று அணிலைக் கேட்டது.

அணில் உள்ளே யாரையோ திரும்பிப் பார்த்தது. "உன் தீர்ப்பு உனக்கு முன்னாடியே வந்துடுச்சுப்பா. இடமில்ல," என்று கதவைச் சாத்தியது.

"கடனைத்தான் கட்டிட்டேனே!" என்று எலி கத்தியது.

கதவுக்கு உள்ளேயிருந்து அதே பல்லியின் குரல் வந்தது. "அதையும்தான் சொல்றேன். அதுக்குள்ள எல்லாரும் கதவைச் சாத்திடறாங்க."