கண்ணாடிக்குள் ஒற்றைச் செருப்பு

2017 டிசம்பரில் சென்னையில் கூவம் கரையோரக் குடிசைகள் இடிக்கப்பட்டன. இடிபாடுகளில் பொறுக்கிய பொருள்களை, பாடம் செய்த பூச்சிகளைப் போலக் கண்ணாடிச் சட்டங்களில் அடைத்து, ஓவியர் மாளவிகா கண்காட்சி வைத்தார். அங்கே தரை துடைக்க வந்த கன்னியம்மா ஒரு சட்டத்தின் முன் நின்றுவிட்டாள். உள்ளே, அடிப்பகுதி நாலு விரல் தடித்த சின்னஞ்சிறு ஒற்றைச் செருப்பு. கீழே, ‘ஒரு குழந்தையின் காலணி’ என்று எழுதியிருந்தது.

“கொயந்தையா? அம்பது வயசும்மா அந்தக் கொயந்தைக்கு. எங்க வூட்டுக்காரருது. ஒரு காலு சூம்பிப்போயி குட்டை. இது இல்லாம வேலைக்கே போவ முடியாம குந்திக்கினு கீறாரு. கயட்டிக் குடும்மா.”

பக்கத்தில் நின்ற மாளவிகாவுக்குக் கண் கலங்கியது. “அவர் பேர் என்னக்கா?”

“தணிகாசலம்.”

மறுநாள் அட்டையை மாற்றியிருந்தார்கள்: ‘தணிகாசலத்தின் காலணி.’ செருப்பு கண்ணாடிக்குள்ளேயே இருந்தது.